இடுப்பு ஒடிந்தால் ஆயுள் முடிந்ததா?

முப்பது வருஷம் மில்லில் நின்று நூல் நூற்ற கிழவர். விடியற்காலையில் கொல்லைப்புறம் போனவர் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. கட்டிலில் தூக்கிப் போட்டார்கள். எண்ணெய் தடவினார்கள். கட்டுப் போட ஆள் வந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், "வயசாகிவிட்டது, ஆபரேஷன் தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்ற பதில். இரண்டு மாதத்தில் பாடை கட்டினார்கள்.

இப்படி ஒருவரையாவது அறியாத மில் காலனி உண்டா? நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்து குனிந்தே கூன் விழுந்த கிழவி ஒருத்தி இப்படிப் போகாத கூலிக்காரத் தெரு உண்டா?

விழுந்ததால் செத்தார் என்று ஊர் சொல்லும். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். அவரைக் கொன்றது படுக்கை. அசையாமல் கிடந்தால் முதுகில் புண் வைக்கிறது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வருகிறது. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுகிறது. ஒடிந்த எலும்பின் வலி தாங்காமல் கிழவர் அசைவதில்லை, அசையாததால் சாகிறார். ஆகவே வயதானவரை எழுப்பி நிற்க வைப்பதற்குத்தான் ஆபரேஷன். "வயசாகிவிட்டது, ஆகையால் ஆபரேஷன் வேண்டாம்" என்பது தலைகீழ்ப் பேச்சு. வயதாகிவிட்டதால்தான் ஆபரேஷன் அவசியம்.

என்ன செய்கிறார்கள் என்பதை நம் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். தொடை எலும்பின் உச்சியில் பந்துபோல் ஒரு தலை, அதற்குக் கீழே கழுத்து. கழுத்து ஒடிந்து விலகினால், தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அறுந்துபோகின்றன. வயதானவருக்கு அந்த எலும்பு ஒட்டுவது அரிது. ஆகவே தலையை எடுத்துவிட்டு உலோகத் தலையை வைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே ஒடிந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது, எலும்பு ஒட்டும். அங்கே பிளேட்டும் திருகாணியும் வைத்து நிறுத்துகிறார்கள். பல துண்டாக நொறுங்கினாலோ, முறிவு தொடையை நோக்கி இறங்கினாலோ பிளேட் நிற்காது. எலும்பின் உள்ளேயே நீளமான கம்பியைச் செலுத்துகிறார்கள். மில்லில் உடைந்த ஷாஃப்டைப் பார்த்த மெக்கானிக்குக்கு இது புரியாத வித்தையல்ல. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தே முடித்துவிடலாம். மறுநாளே கட்டிலைவிட்டு இறக்கி, நிற்க வைக்க வேண்டும்.

கட்டுப் போடும் வைத்தியர்களை நாம் இகழவில்லை. முன்கையில் விலகாத விரிசலை அவர்கள் கட்டி ஆற்றியிருக்கலாம். ஆனால் இடுப்புக்கு மூங்கில் பத்தை உதவாது.

எத்தனை நாளுக்குள்? 17 நாடுகளில் 2,970 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு 2020-ல் வெளிவந்தது. சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தவர்களுக்கும், ஒரு நாள் கழித்துச் செய்தவர்களுக்கும் மரண விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முந்தியவர்களுக்குப் புத்தி தடுமாற்றம் குறைவு, எழுந்து நடப்பதும் சீக்கிரம். ஆகவே ஆறு மணி நேரம் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆறு நாள், பத்து நாள் காத்திருப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 1948 முதல் வைத்தியம் பொதுச் செலவில் நடக்கிறது. 2007-ல் இடுப்பு முறிவுக்காரர்களைக் கணக்கெடுக்கும் தேசியப் பதிவேடு ஒன்றைத் திறந்தார்கள். 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து, முதியோர் வைத்தியரும் கவனித்துக்கொண்டால் அந்த ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம் என்று 2010-ல் ஏற்பாடு வந்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 2007-ல் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 11 பேர். 2011-ல் எட்டரைப் பேர். புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்கள், கணக்கு வைத்தார்கள், அவ்வளவுதான்!

நம் நாட்டில் அறிவுக்குப் பஞ்சமா? சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர் வைத்தியப் பிரிவைத் துவக்கியவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். ஐந்து லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் என்ற திட்டமும் இருக்கிறது. 70 வயது தாண்டிய எல்லோருக்கும் அது உண்டு என்று மத்திய சர்க்கார் 2024-ல் அறிவித்தது. காகிதத்தில் குறைவில்லை. ஆனால் கார்டு பதிய இரண்டு நாள், மயக்க மருந்து டாக்டருக்கு இரண்டு நாள், உலோகத் தலை வந்து சேர மூன்று நாள் என்றால் கிழவரின் நுரையீரல் காத்திருக்குமா? பணக்காரர் வீட்டுக் கிழவருக்கு மட்டும் அன்று மாலையே தியேட்டர் காலியாகிறதே, எப்படி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழவி படுத்தால் மருமகளின் கூலியும் படுக்கிறது. ஆறு மாதம் அவள் வயலுக்குப் போக முடியாது. இந்த நஷ்டத்தை எந்த இன்ஷூரன்ஸும் எழுதுவதில்லை.

ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டும், எத்தனை பேருக்கு நடந்தது என்ற கணக்கு வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும் என்று கோருகிறோம். வீட்டில் யாராவது விழுந்தால் எண்ணெய் தடவாதீர்கள், காலை இழுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். யூனியன் தோழர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். "தாங்காது" என்று சொன்னால், எதனால் தாங்காது, இருதயமா, இரத்தமா, சர்க்கரையா, அதைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.