உலை நேரத்தையும் எழுதுங்கள்

இழைவலுவூட்டிய செராமிக் கூட்டுப்பொருள்களை மலிவாக்குவது பற்றிப் பேச்செடுத்தால், அது இழையின் விலையிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. 1975இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யாஜிமா பாலிகார்போசிலேனை இழையாக இழுத்து, சுட்டு, சிலிக்கான் கார்பைடாக்கிக் காட்டிய வழியில்தான் நாம் இன்றும் நடக்கிறோம். காற்றில் பதப்படுத்தியபோது இழைக்குள் தங்கிய ஆக்சிஜன், 1200 டிகிரி செல்சியஸைக் கடந்ததும் அதைச் சிதைத்தது. எலெக்ட்ரான் கற்றையால் பதப்படுத்தி அந்தக் குறையைப் போக்கினார்கள். கூடவே விலையும் ஏறியது.

ஆனால் இழை நாளையே பாதி விலைக்குக் கிடைத்தாலும் பாகத்தின் விலை பாதியாகாது. மீதிச் செலவு உலைக்குள் இருக்கிறது. விரிசல் இழையை அறுக்காமல் திசைமாறிச் செல்ல, இழையின் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான போரான் நைட்ரைடு அல்லது கார்பன் பூச்சு வேண்டும். பிறகு இழைகளுக்கு இடையே மேட்ரிக்ஸை நிரப்ப வேண்டும். வாயு வழியில் நிரப்பினால் வினையை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியாக வேண்டும். அவசரப்பட்டால் வெளித்துளைகள் முதலில் அடைபட்டு உள்ளே வெற்றிடம் நின்றுவிடும். வாரக்கணக்கில் உலை எரியும், நடுவில் பாகத்தை வெளியே எடுத்து மேற்பரப்பைக் கடைய வேண்டியும் வரும். பாலிமரை ஊற வைத்துச் சுடும் முறையிலும் அதே சுற்றைப் பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். உருகிய சிலிக்கான் மட்டும் நுண்துளை ஈர்ப்பால் சில மணி நேரத்தில் உள்ளே ஏறிவிடுகிறது. வினைபுரியாமல் எஞ்சும் சிலிக்கான் 1414 டிகிரியில் உருகும் என்பதால் பயன்பாட்டு வெப்பத்துக்கு ஓர் உச்சவரம்பு விழுகிறது. அந்த வரம்புக்குள் அடங்கும் வேலைகள் ஏராளம்.

ஜெர்மன் விண்வெளி மையம் விண்கலங்களின் வெப்பக் காப்புக்காக வளர்த்த இதே சிலிக்கான் முறை, 2001இல் போர்ஷே காரின் பிரேக் தட்டாகச் சாலைக்கு வந்தது. நீளமான நெசவுத் துணிக்குப் பதில் நறுக்கிய கார்பன் இழையே அங்கே போதுமானதாக இருந்தது. ஆக்சைடு இழை, நுண்துளை ஆக்சைடு மேட்ரிக்ஸ் என்ற இணையும் இப்படித்தான்: இடைப்பூச்சு வேண்டாம், சாதாரணக் காற்று உலையே போதும், 1100 டிகிரியை ஒட்டி நின்றுவிடும் வேலைக்கு இதைவிட எளிய வழியை நான் அறியேன். 2016இல் பயணிகள் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினிலும் சிலிக்கான் கார்பைடு கூட்டுப்பொருள் முதலில் அமர்ந்தது சுழலும் இறக்கையில் அல்ல. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் வளையத்தில். எங்கே தொடங்குவது என்பதைத் தெரிந்து எடுத்த முடிவு அது.

பொருத்தமான இடத்தில் தொடங்கியதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. 2024இல் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்த பிஎஸ்எல்வி நான்காம் நிலை எஞ்சினின் கார்பன்-கார்பன் நாசில், சிலிக்கான் கார்பைடு பூச்சுடன், விரிபகுதியின் எடையை 67 விழுக்காடு குறைத்தது. ஏவுசுமைக்கு 15 கிலோ கூடுதலாகக் கிடைக்கும்.

இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் வளைவு வலிமை பளிச்சென்று இருக்கிறது. உலை எத்தனை மணி நேரம் எரிந்தது, எத்தனை சுற்று, வார்த்தவற்றில் எத்தனை கழிந்தன என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. ஆய்வகத்துக்கு வெளியே விலையை முடிவு செய்பவை இவைதாம். கழிவைச் சொன்னால் கட்டுரை பலவீனப்படும் என்று இளம் ஆய்வாளர்கள் அஞ்ச வேண்டாம். அதைச் சொல்லும் கட்டுரையை நாங்கள் மேலாகவே மதிப்போம். அடுத்த இதழிலிருந்து இந்த மூன்று விவரங்களையும் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு கட்டுரையிலும் கேட்பார்கள்.