கேன்டீன் தட்டில் களி வேண்டும்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் அதிக எடை கொண்டோர் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆண்களிலும் 37 சதவீதம். வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று இவர்களைப் பழிப்பது அநியாயம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் மாறி மாறி ஷிப்டு பார்ப்பவரை நினைத்துப் பாருங்கள். இரவில் விழித்துப் பகலில் தூங்கும் உடலில் பசியை ஆளும் சுரப்புகளே தடுமாறுகின்றன. கம்பெனி பஸ்ஸில் போய் பஸ்ஸிலேயே திரும்பி, அடுப்பில்லாத அறையில் தங்குபவருக்கு எளிதில் கிடைப்பது புரோட்டாவும் சர்க்கரை தூக்கலான டீயும்தான். கேழ்வரகு விளையும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் களியும் கீரையும் அவருக்கு எட்டாத உணவாகிவிட்டன. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே இம்மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி மாத்திரை வருவது நல்லது. நோயே வராமல் தடுப்பது அதைவிட நல்லது. பெரிய ஆலைகளில் கேன்டீன் சட்டப்படி கட்டாயம். அங்கே களி, கீரை, சுண்டல் தினமும் இருக்கட்டும். ஷிப்டு அட்டவணை தொழிலாளியின் தூக்கத்தை மதிக்கட்டும். மனஉறுதி பற்றி உபதேசிக்கும் முன், நல்ல சாப்பாட்டுக்கும் நல்ல உறக்கத்துக்கும் வழி செய்யுங்கள்.