கரிசல் வீட்டு இனிப்பு



கோவில்பட்டி என்ற பெயரைக் கேட்டவுடன் வெளியூராருக்கு நினைவில் எழுவன இரண்டு. ஒன்று தீப்பெட்டி, மற்றொன்று கடலை மிட்டாய். முற்காலத்தில் கருப்பட்டிப் பாகில் செய்யப்பட்டு வந்த இந்தப் பண்டத்தை, 1940-களில் பொன்னம்பல நாடார் என்னும் வணிகர் கரும்பு வெல்லத்தைக் கொண்டு செய்து பரப்பினார் என்பது ஊரார் கூறும் வரலாறு. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நம் ஊருக்கு அது பெருமையே. எனினும், அந்தச் சிறு மிட்டாய் நம் இல்லங்களுக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. அதைப்பற்றியே இம்மாதம் எழுத விழைகின்றோம்.

ஒரு துண்டுக் கடலை மிட்டாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணில் படுவது கடலை. வெல்லமோ கடலைக்கும் கடலைக்கும் நடுவே ஒட்டி நிற்பது மட்டுமே. எள்ளுருண்டையும் பொரி உருண்டையும் அவ்வாறே. தானியமும் பருப்புமே பண்டம். இனிப்பு அவற்றைப் பிணைக்கும் பசை. இதற்குக் காரணம் நம் மண். வானம் பார்த்த இக்கரிசல் காட்டில் கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் எள்ளும் விளையும். நீரை மிகுதியாக வேண்டும் கரும்புக்கு இங்கே இடம் இல்லை. வெல்லம் வெளியூரிலிருந்து வரவேண்டும். கருப்பட்டியோ உடன்குடித் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வரவேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளை நம் பாட்டிமார் அளந்தே செலவிட்டனர். வறுமை கற்பித்த அந்த அளவு, இன்று நம் உடல்நலத்திற்கு உகந்த அளவாக இருப்பதைக் காண்கின்றோம்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. இல்லச் சந்திப்புக்கு நாம் செல்லும் வீடுகளில், "சாமி, கொஞ்சம் கலர் குடியுங்கள்" என்று அன்போடு புட்டியை நீட்டுகின்றனர். அதே வீட்டின் அலமாரியில் தாத்தாவின் சர்க்கரை நோய் மாத்திரைகள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று, 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளர் என மதிப்பிட்டது. ஆதலால் இது எங்கோ இருக்கும் ஒருவருடைய துன்பம் அன்று. நம் தெருவின் துன்பம்.

அளவு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை, மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நன்று என்றது. இருபதில் ஒரு பங்கு என்பது வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம். அதாவது ஆறு சிறு கரண்டி. வேளைக்கு இரண்டு கரண்டியாக மூன்று வேளை தேநீர் குடிப்பவர், இனிப்பு ஒன்றையும் தொடாமலே அந்த அளவை எட்டிவிடுகின்றார். 300 மில்லி கலர் புட்டி ஒன்றிலோ பெரும்பாலும் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கின்றது. இதை அறியாமல், வாரத்தில் ஒரு நாள் உண்ணும் எள்ளுருண்டையின்மீது மட்டும் பழியைப் போடுவது முறையன்று.

மற்றொரு மயக்கத்தையும் அகற்ற வேண்டும். "வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல்? கருப்பட்டி மருந்தாயிற்றே!" என்று கூறித் தாராளமாக உண்பவர் பலர். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் சிறிதளவு தாது உப்புகள் உண்டு, மணமும் உண்டு. ஆயினும் அவற்றின் பெரும் பகுதி சர்க்கரையே. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கருப்பட்டி விதிவிலக்கு ஆகாது. எனவே எதை இட்டோம் என்பதோடு, எவ்வளவு இட்டோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி, வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய மூன்று பண்டங்களைக் கூறுவோம். செய்முறையைச் சொல்லித் தந்தவர்கள் நம் பங்கின் தாய்மார்களே. அளவைக் கணக்கிட்டு எழுதியது மட்டும் நம் வேலை.

முதலாவது, கடலை மிட்டாய். தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை 400 கிராம், வெல்லம் 200 கிராம். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, மண் நீங்கியபின் அடுப்பில் காய்ச்சுங்கள். பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் அது இறுகி, பாத்திரத்தில் போட்டதும் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். அதுவே பதம். ஏலமும் சுக்கும் தூவி, கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பிச் சூடு ஆறுமுன் முப்பது துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டில் சேரும் வெல்லம் 7 கிராமுக்குள்தான். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். எண்ணெயோ பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆதலால் இதுவும் அளவோடு உண்ண வேண்டிய பண்டமே.

இரண்டாவது, எள்ளுருண்டை. இதற்குப் பாகு வேண்டியதில்லை. 200 கிராம் எள்ளைக் கழுவி உலர்த்தி, படபடவென வெடிக்கும்வரை வறுத்து, 100 கிராம் கருப்பட்டியோடு உரலில் இடியுங்கள். எள்ளின் எண்ணெயே கசிந்து உருண்டை பிடிக்க உதவும். சிறு நெல்லிக்காய் அளவில் இருபது உருண்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் கருப்பட்டி 5 கிராம். எள் சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. வளரும் பிள்ளைகளுக்கும் வயது சென்ற பெண்களுக்கும் ஏற்றது.

மூன்றாவது, கம்பு மாவுப் பிடிகொழுக்கட்டை. 200 கிராம் கம்பு மாவை வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். 80 கிராம் கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, அரை மூடித் தேங்காய்த் துருவலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மாவைப் பிசையுங்கள். பதினாறு பிடிகளாகப் பிடித்துக் கால் மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். அன்றே உண்டுவிட வேண்டும். கம்பு மாவு விரைவில் கசப்பேறும். ஆகவே ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் திரித்து வாருங்கள்.

பொருள் வாங்கும்போதும் கவனம் வேண்டும். சுருங்கியதும் பூசணம் பிடித்ததும் கசப்பதுமான கடலையைச் சிறிதும் சேர்க்காதீர்கள். அந்தப் பூசணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். வறுத்தாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. பளிச்சென்ற மஞ்சள் நிற வெல்லத்தைத் தேடி வாங்க வேண்டாம். நிறம் ஏற்றுவதற்காக இரசாயனப் பொருள் கலப்பவர் உண்டு. கரிய நிற வெல்லம் கண்ணுக்கு அழகன்று என்றாலும் வயிற்றுக்கு நல்லது. நான்கு வயது நிறையாத குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. இடித்துப் பொடியாக்கியே கொடுங்கள். இனிப்பு உண்டபின் வாயைக் கொப்பளிக்கும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது சாமி?" என்று தாய்மார் கேட்பது நம் செவியில் விழுகின்றது. நியாயமான கேள்வியே. காலையில் தீப்பெட்டி ஆலைக்குச் சென்று, மாலையில் கால் கடுக்கத் திரும்பும் ஒரு தாய், பிள்ளையின் அழுகையை அடக்க ஐந்து ரூபாயைக் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், அவளைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த வேலை அவள் ஒருத்தியுடையது என்று எழுதி வைத்தவர் யார்? கடலையின் தோலைப் புடைத்து நீக்கப் பாட்டிக்குத் தெரியும். உலக்கை பிடிக்கத் தந்தையின் கைக்கு வலு உண்டு. உருண்டை பிடிக்கப் பிள்ளைகளுக்கு ஆசை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் நால்வரும் கூடினால், பத்து நாளைக்கான பண்டம் டப்பாவில் நிறையும். அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வெடுக்கட்டும்.

கடைக்காரர்மீது நமக்கு மனத்தாங்கல் இல்லை. மிட்டாய்த் தொழிலை நம்பி நம் ஊரில் வாழும் குடும்பங்கள் பல. திருவிழாவுக்கும் விருந்தினருக்கும் அவர்களிடமே வாங்குங்கள்; கலர் புட்டிக்குச் செலவிடும் காசு அவர்களைச் சேர்வது நன்று. நாம் வேண்டுவது ஒன்றே. எந்த இனிப்பை எடுத்தாலும், 'இதில் மிகுந்திருப்பது எது, தானியமா சர்க்கரையா?' என்று கேட்டுப் பாருங்கள். தானியம் என்றால் அளவோடு உண்ணுங்கள். சர்க்கரை என்றால் பெருநாளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

அடுத்த முறை உங்கள் இல்லத்திற்கு வரும்போது, கலர் வேண்டாம். ஓர் எள்ளுருண்டையும் ஒரு செம்பு தண்ணீரும் போதும். அதைப் பிடித்தது எந்தப் பிள்ளை என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.