எழுவாய் இல்லாத போர்

போர், சமாதானம், இராஜதந்திரம் ஆகியவற்றைப் பேசுவதற்கென்றே ஆங்கிலத்தில் தனியொரு சொற்களஞ்சியம் உண்டு. அதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இளம் பத்திரிகையாளர்களுக்கு நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன், இன்றும் சொல்கிறேன். நம்முடைய தலையெழுத்தைத் தீர்மானித்த ஆவணங்களில் பெரும்பாலானவை அந்த மொழியில்தான் எழுதப்பட்டன. ஆனால் கற்பது வேறு. கற்றதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, அதையே செய்தியென்று அச்சேற்றுவது வேறு. இந்த இரண்டாவது பழக்கம் விளைவித்த கேட்டை அறிய விரும்புவோர் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. திருகோணமலையைப் பார்த்தால் போதும்.

2006 ஜூலையில் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினார்கள். மூடியவர்கள் பொதுமக்களே என்றது புலிகள் தரப்பு. கீழ்ப்புறத்தில் தண்ணீரின்றித் தவித்தவர்களும் பொதுமக்கள்தாம் என்பதை அந்தச் சொல் மறைத்துவிட்டது. மதகைத் திறக்கவென்று அரசாங்கம் தொடங்கிய தாக்குதலுக்கோ 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர். விமானக் குண்டுவீச்சும் அந்தப் பெயருக்குள் அடங்கிப்போயிற்று. ஆகஸ்ட் தொடக்கத்தில் புலிகள் மூதூருக்குள் புகுந்தனர். இருதரப்பு எறிகணைகளுக்கும் நடுவே பல்லாயிரம் முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கி ஓடினர். ஆகஸ்ட் 4 அன்று, அதே மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தம் அலுவலக வளவிலேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். மெய்யாகவே மனிதாபிமானப் பணி செய்யப் போனவர்கள் அவர்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இவையெல்லாம் நடந்தபோது 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அரசாங்கம் அதிலிருந்து முறைப்படி விலகியது 2008 ஜனவரியில்தான். ஆகவே இராஜதந்திர அகராதியின்படி இடையில் நடந்தது போரன்று, 'மீறல்'. ஊர் எரிந்தாலும் மீறல், சோதனைச் சாவடியில் தகராறு என்றாலும் மீறல். எண்ணிக் கணக்கெழுதுவதற்கு வசதியான சொல். அழுவதற்கு உதவாத சொல்.

அடுத்து சம்பூர். 2006 செப்டெம்பர் 4 அன்று இராணுவம் அதைக் கைப்பற்றியது. 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கும் சம்பூரும் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. தமிழ் நாளேடுகளும் அந்தச் சொல்லை அப்படியே அச்சிட்டன. யாருக்குப் பாதுகாப்பு, யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அந்தச் சொல்லைக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு வீட்டைப் பூட்டுவதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. வெளியேறியவர்களில் பலர் கிளிவெட்டி முதலிய இடங்களில் 'இடைத்தங்கல் முகாம்'களில் இருந்தார்கள். இடைத்தங்கல் என்றால் வழிப்போக்கன் இராத்தங்கிப் போவது. அங்கே பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டிய பின்னரும் முகாமின் பெயர் மாறவில்லை. 2012 இல் 818 ஏக்கர் நிலம் முதலீட்டுத் திட்டத்துக்கென ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பு என்ற சொல் தேய்ந்ததும் அபிவிருத்தி என்ற சொல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. 2015 இல்தான் அந்த ஒதுக்கீடு இரத்தானது. கடற்படை முகாம் இருந்த நிலம் மக்களிடம் திரும்ப 2016 ஆயிற்று.

இந்தச் சொற்கள் அனைத்துக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. அவற்றில் எழுவாய் இல்லை. நடவடிக்கை, மீறல், இடப்பெயர்வு, உயிரிழப்பு — செய்தவன் யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். தமிழ் இலக்கணமோ எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று பள்ளிப் பருவத்திலேயே நம்மைக் கேட்கப் பழக்குகிறது. அந்தக் கேள்வியைச் செய்தி மேசையில் கைவிடுவதை 'நடுநிலை' என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரு தரப்பு தன் செயலுக்குச் சூட்டிய பெயரை மேற்கோள்குறியும் இல்லாமல் நம்முடைய பெயராக எழுதுவது எப்படி நடுநிலையாகும்? அரசாங்கம் சூட்டினாலும் சரி, இயக்கம் சூட்டினாலும் சரி, சூட்டியவர் பெயரோடு எழுதுவதே நடுநிலை.

அப்படி எழுத முடியாது என்பாருக்கு ஒரே ஒருவரை நினைவூட்டுகிறேன். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்ததென்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளியின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டின. 'வெடித்தது' என்ற வினைக்கு மாறாகச் 'சுட்டார்கள்' என்ற வினையை அந்தப் படங்கள் நிறுத்தின. அதே மாதம் 24 ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு சரியான வினைச்சொல்லின் விலை அது.

இன்று திருகோணமலையில் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கின்றன, சொற்கள் ஓயவில்லை. 1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், இந்திய நலன்களுக்குப் பாதகமாக இந்தத் துறைமுகத்தை எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்குவதில்லை என்றன. எண்ணெய்க் குதங்களைக் கூட்டு முயற்சியாகச் சீரமைப்பது பற்றியும் பேசின. 2022 ஜனவரியில் அந்த 99 குதங்களும் 14, 61, 24 என்று பங்கிடப்பட்டன. குதங்களின் கணக்கு துல்லியமாக இருக்கிறது. 'மூலோபாய முக்கியத்துவம்', 'வலுசக்தி மையம்' என்ற சொற்களுக்கும் குறைவில்லை. துறைமுகத்தைச் சுற்றி வாழும் மீனவனும் விவசாயியும் அந்த வாக்கியங்களில் எந்த வேற்றுமையில் வருகிறார்கள்? தேடிப் பாருங்கள்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஆங்கில அறிக்கை மேசைக்கு வந்தால் முழுவதும் வாசியுங்கள். அதன் நுணுக்கங்களை அதை எழுதியவனைவிட நன்றாக அறிந்துகொள்ளுங்கள். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, யார், யாரை, என்ன செய்தார் என்று தமிழில் எழுதுங்கள்.