புராவின் புதைகுழிகளும் சந்தையின் பேராசையும்

மேற்கு ஆபிரிக்க நாடான நைஜரின் தென்மேற்கே உள்ள புரா என்ற இடம், 1975 ஆம் ஆண்டில் வேட்டைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் கண்டெடுத்த சுடுமண் சிற்பத் தலைகளினாலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1983 இல் நியாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய அகழ்வில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமை வாய்ந்த பெரும் மயானம் ஒன்று அங்கு வெளிப்பட்டது.

வாய்ப்புறம் கீழாகக் கவிழ்த்துப் புதைக்கப்பட்ட ஈமத்தாழிகளும், அவற்றின் உச்சியில் மனிதத் தலைகளாகவும் குதிரை வீரர்களாகவும் வனையப்பட்ட உருவங்களும் அம்மயானத்தின் சிறப்புகளாகும். தாழிகளுள் மனிதப் பற்களும் இரும்பு அம்பு முனைகளும் காணப்பட்டன. எழுத்தாவணம் எதனையும் விட்டுச் செல்லாத அந்த மக்களின் வரலாற்றுக்கு இப்புதைகுழிகளே சாட்சியங்களாகும். எந்தச் சிற்பம் எந்தத் தாழியின் மீது, எவற்றுடன் இருந்தது என்ற விபரம் அழிந்துவிட்டால், எஞ்சுவது அழகிய மண்பொம்மை மாத்திரமே.

1990களில் நைஜர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தொல்பொருட்கள் பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது புராவின் புகழ் பரவியது. ஆனால் அப்புகழே அதற்கு வினையாகவும் அமைந்தது. சேகரிப்பாளர்களின் நாட்டம் அதிகரிக்க, புதைகுழிகள் சூறையாடப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் சர்வதேச நூதனசாலைகள் பேரவை வெளியிட்ட ஆபிரிக்கத் தொல்பொருட்களுக்கான சிவப்புப் பட்டியலில் புரா சிற்பங்களும் இடம்பெற்றன.

இவ்விடயத்தில் மண்வெட்டி பிடித்த வறிய கிராமவாசியை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது என்றே நாம் கருதுகின்றோம். அவருக்குக் கிடைப்பது சொற்பமே. பெரும் இலாபம் இடைத்தரகர்களையும் வெளிநாட்டு வணிகர்களையுமே சென்றடைகின்றது. சுடுமண்ணின் வயதைக் கணிக்கும் ஆய்வுகூடச் சான்றிதழ், பொருள் பழைமையானதா என்பதைக் கூறுமேயன்றி, அது திருடப்பட்டதா என்பதைக் கூறாது. எனினும் சந்தையில் அச்சான்றிதழே நற்சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

கலாசாரச் சொத்துக்களின் சட்டவிரோத வர்த்தகத்தைத் தடுப்பதற்கான யுனெஸ்கோ சமவாயம் 1970 இலேயே நிறைவேற்றப்பட்டது. ஆயினும் ஒரு நாடு அதனை ஏற்பதற்கு முன்னர் களவாடப்பட்டவற்றுக்கு அது பொருந்தாது. புரா அமைந்துள்ள திலபெரிப் பிராந்தியமோ அண்மைய ஆண்டுகளில் ஆயுதக் குழுக்களின் வன்முறையினால் நிலைகுலைந்துள்ளது. உயிர்களைக் காப்பதற்கே திணறும் அரசு புதைகுழிகள் அனைத்துக்கும் காவல் நிறுத்தும் என எதிர்பார்க்க முடியாது.

எனவே, களவைத் தடுக்கும் பொறுப்பு வாங்குவோரின் பக்கமே கூடுதலாக இருக்கின்றது. சட்டபூர்வமாக வெளியேறியமைக்கு ஆதாரமற்ற எந்தச் சிற்பத்தையும் நூதனசாலைகளும் ஏல நிறுவனங்களும் ஏற்க மறுக்க வேண்டும். மரித்தோரின் துயிலிடத்தைக் கண்ணியப்படுத்துவது சமயங்கள் அனைத்துக்கும் பொதுவான நெறியாகும். அந்நெறி, பெயரறியாத மக்களின் புதைகுழிகளுக்கும் உரியது என்பதை உலகம் மறந்துவிடலாகாது.