கயிறு பின்னும் கைக்கருவி

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். அவ்வூர்ப் பட்டுப் புடைவையைப் புகழ்வோர் அதன் கரையைப் பேசுவர்; முந்தானையைப் பேசுவர்; முந்தானையின் ஓரத்தில் தொங்கும் குஞ்சத்தைப் பேசுவார் அரியர். தறியிலிருந்து அறுத்து இறக்கிய புடைவையின் ஓரத்தில் நெய்யப்படாத பாவிழைகள் எஞ்சி நிற்கும். அவற்றைச் சிறு கற்றைகளாகப் பகுத்து, முறுக்கி, முடிச்சிட்டுக் குஞ்சமாக்குதல் பெரும்பாலும் பெண்டிர் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. அதற்குக் கூலியும் குறைவு. தொழில் என்னும் பெயரும் அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை.

குஞ்சத்தோடு உறவுடையது கயிறு. ரவிக்கையின் முதுகுப்புறத்தில் முடியும் நாடா, சுருக்குப்பையின் வாய்க்கயிறு, சடையோடு சேர்த்துப் பின்னும் குஞ்சலம் என அதன் பயன் பல. பழைய ஏட்டுச் சுவடிகளின் துளையிற் கோத்துக் கட்டியதும் கயிறே. கயிற்றுள் முறுக்கியது ஒரு வகை. பின்னியது மற்றொரு வகை. முறுக்கிய கயிற்றின் நுனியைக் கட்டாது விட்டால் புரி பிரிந்துவிடும். வளையத்துள் வளையம் கோத்துப் பின்னிய கயிறோ இழுத்தால் நீளும்; விட்டால் சுருங்கும்; உருண்டு திரண்டு மென்மையாகவும் இருக்கும். ஆயினும் ஓர் இழை அறுந்தால் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழக்கூடும் என்னும் குறையும் அதற்கு உண்டு.

நடுவே துளையுள்ள மரக்கட்டையின் தலையில் நான்கு முளைகளை அறைந்து, ஒவ்வொன்றிலும் நூலை வளையமாக இடுவர். அதன்மேல் மீண்டும் ஒரு சுற்று நூலை வைத்து, கீழ் வளையத்தை ஊசியால் தூக்கி முளைக்கு அப்பால் விடுவர். இவ்வாறு செய்யச் செய்யக் கயிறு துளை வழியே மெல்ல இறங்கும். கழுத்து வலிக்கக் குனிந்திருந்து பின்னினாலும் அரை நாளில் கிடைப்பது சிறிதே.

கைப்பிடி பொருத்திய சிறு உருளைக் கருவி இதனையே விரைந்து செய்யும். அதனுள் முளைகளுக்கு மாறாக, நாவுடைய கொக்கி ஊசிகள் வட்டமாக நிற்கும். கைப்பிடியைச் சுற்றுந்தோறும் அவை முறையே ஏறி இறங்கும். ஏறும்போது நா திறக்கும். உச்சியில் கொக்கி புதுநூலைக் கவ்வும். இறங்கும்போது பழைய வளையமே நாவை மூடிக்கொண்டு ஊசியைவிட்டுக் கழலும். கீழே தொங்கும் சிறு எடை, பின்னிய கயிற்றை இழுத்துக்கொண்டேயிருக்கும். இத்தகைய நாவூசியை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஆக்கியவர் மாத்யூ டவுன்செண்ட் என்பார். திருப்பூரில் பனியன் துணி பின்னும் பெரிய வட்டப் பொறிகளுக்கும் இக்கைக்கருவிக்கும் உள்ள உறவு நெருங்கியது.

இக்கருவி ஆரணி போன்ற ஊர்களின் வீடுகளிற் புகுதல் நன்றா? கையாற் பின்னியதற்கே மதிப்பு என்றும், கருவி புகுந்தால் கைத்தொழில் கெடும் என்றும் கூறுவோர் உளர். அக்கூற்று செவிக்கு இனிது, ஆராய்ந்தால் நில்லாது. தறியும் ஒரு கருவியன்றோ? 1985-ஆம் ஆண்டுக் கைத்தறிச் சட்டம், விசைத்தறி அல்லாத தறி அனைத்தையும் கைத்தறி என்றே கொண்டது. இராட்டையும் கையாற் சுற்றும் பொறியே. மேம்பட்ட இராட்டை ஒன்றை ஆக்குவார்க்கு 1 இலட்சம் ரூபாய் பரிசு என 1929-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் அறிவித்தது. பின்னாளில் அம்பர் இராட்டையை ஆக்கிய ஏகாம்பரநாதர் தமிழ்நாட்டினர். அவர் பெயரின் ஒரு பகுதியே அதற்குப் பெயராயிற்று. நன்னூற் பாயிரமோ நூல் செய்யும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், நூற்கும் கதிரை அவன் மதியாகவும் உருவகம் செய்கிறது. கருவியை அறிவுக்கு நிகராக வைத்த மொழியில் கருவியை இழிவென்பது பொருந்தாது.

கருவி வந்தபின்னும் கைக்கு வேலை ஒழியாது. பட்டு வழுக்கும் தன்மையது; விரைந்து சுற்றினால் வளையம் நழுவும். தறியடியில் எஞ்சும் துண்டிழைகளை முடிந்து முடிந்து ஊட்டினால் முடிச்சு ஊசியின் நாவிற் சிக்கும். ஆகவே நீண்ட இழை கருவிக்கு, துண்டிழை குஞ்சத்துக்கு எனப் பிரித்தறியும் கண் வேண்டும். வெள்ளித் தகட்டிழை சுற்றிய சரிகையைக் கொக்கி உராயும். அதனைக் கையாற் பின்னுதலே தக்கது.

அஞ்சவேண்டிய இடம் வேறு. இத்தகைய வேலைக்கு முழத்துக்கு இவ்வளவு என்றோ, உருப்படிக்கு இவ்வளவு என்றோ கூலி பேசுவதே எளிய வழி. கருவி வணிகர் கையில் இருந்தால், கயிறு மிகுந்தவுடன் முழக்கூலியை அவர் குறைப்பார். பெண் முன்போலவே நாள் முழுதும் உழைத்து, முன் பெற்றதையே பெறுவாள். கருவி அவளுடையதாயின், மிஞ்சிய பொழுது அவளுக்கு உரியது. அப்பொழுதில் மேலும் பின்னுவதும் மகளுக்குப் பாடம் சொல்வதும் அவள் விருப்பம். ஆதலால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இக்கருவிகளை வாங்கி, குஞ்சம் முடியும் பெண்டிர்க்குத் தவணையில் அளிக்கலாம். கணவர் பெயரிலோ, தறி உரிமையாளர் பெயரிலோ அளித்தல் கூடாது. கடைசித் தவணை தீர்ந்த அன்று கருவி அவள் பெயரிலேயே எழுதப்படட்டும். முழக்கூலியைக் குறைக்க எண்ணும் வணிகர் அதன்பின் அவள் திண்ணைக்கு வந்து பேசட்டும்.