இலவசம் என்றால் வாய் பொத்தி நிற்க வேண்டுமா?



ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் "எங்கட வாப்பாக்கு எப்படி?" என்று யாராவது கேட்டால், உள்ளே இருந்து பதில் வராது. பக்கத்தில் நிற்கும் நம்மவர்தான் சொல்வார்: "இலவசம்தானே, பேசாம இருங்க."

எது இலவசம்? 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளியும் அதைக் கட்டுகிறார். அரச ஆஸ்பத்திரி நம் வரிக் காசில்தான் நடக்கிறது.

காத்திருக்கச் சொல்வதில் பிழையில்லை. அங்கே வந்த ஒழுங்கில் பார்ப்பதில்லை, உயிராபத்தில் இருப்பவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது நியாயம். ஆனால் அதை யாராவது சொல்ல வேண்டுமே! சொல்லாவிட்டால், பின்னால் வந்தவர் முன்னால் போகும்போது "ஆள் பார்த்து எடுக்கிறாங்க" என்றுதான் சனம் நினைக்கும். சண்டை தொடங்குவதும் அங்கேதான்.

துணைக்கு வந்தவரைத் தொல்லையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அவர்தான் சாட்சி. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, வருத்தம் தொடங்கி பொதுவாக 4½ மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். நோயாளிக்கு வாய் பேச முடியாது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன குளிசை குடிக்கிறார் என்பதெல்லாம் கூட வந்த மனைவிக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்பதும் அவருக்குச் சொல்வதும் சலுகையல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

"ஆளணி இல்லை" என்பார்கள். 2022க்குப் பிறகு டொக்டர்மார் பலர் நாட்டை விட்டுப் போனது உண்மை. ஆனால் "பரிசோதனை நடக்கிறது, இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்று சொல்ல டொக்டர் தேவையில்லை. தமிழ் தெரிந்த ஓர் ஊழியர் வாசலில் நின்றால் போதும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் சேர்த்தது 1987இல். அது பெயர்ப்பலகைக்கு மட்டும்தானா?

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். வேன் நிறைய ஆட்களோடு வந்து அவசரப் பிரிவு வாசலை அடைப்பதும், நேர்ஸ்மாரை வீடியோ எடுப்பதும் சுன்னத் அல்ல. கிளினிக் கொப்பியோடு ஒருவர் நில்லுங்கள், மற்றவர்கள் வீட்டில் துஆ செய்யுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, பெயர் பொறித்த கதிரையும் மின்விசிறியும் கொடுத்தது போதும். அடுத்த ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: வாசலில் தமிழில் பதில் சொல்ல ஒருவர், இரவிலும் பகலிலும். வேறொன்றும் வேண்டாம்.